ஆமை பார்க்க ஒரு பைனாகுலர்: பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21

பைனாகுலர் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பறவை பார்க்கிறவர்கள். மர உச்சியில் உட்கார்ந்திருக்கும் குருவியின் இறக்கைப் பட்டை தெரிகிறதா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நான் பார்ப்பது ஆமை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். கோயில் குளத்துப் படித்துறையிலும் வாய்க்கால் கரையிலும் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் கிடக்கிற ஆமையின் மூக்கு, நகம், ஓட்டின் விளிம்பு எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். கையில் எடுக்காமல், அதைப் பயமுறுத்தாமல் தெரிய வேண்டும். அந்த வேலைக்கு நான் பார்த்தவற்றில் பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 என்ற இந்தச் சிறிய பைனாகுலரைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஏன் என்று ஆமையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கருவி. 8×42 போன்ற எண்களில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். வழக்கமான 8×42 பைனாகுலர்களில் பலவற்றால் 2 அல்லது 3 மீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்ட முடியாது. எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கும் பழைய 10×50 இன்னும் மோசம். மேல்படியில் நின்று கீழ்ப்படியைப் பார்த்தால் வெறும் மங்கல்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு குழாய்களும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கும். இரண்டு வட்டமும் ஒன்றுசேராது, நடுவில் கறுப்பு நிழல் விழும், கொஞ்ச நேரத்தில் கண் வலிக்கும்.

பாப்பிலியோ 50 செ.மீ. வரை தெளிவாகக் காட்டுகிறது. ஃபோகஸ் சக்கரத்தைக் கிட்டத்துப் பக்கம் திருப்பத் திருப்ப, உள்ளே இருக்கும் முன்பக்க லென்ஸ்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. முன்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்த நகர்வு நமக்கே தெரியும். அதனால் கிட்டத்திலும் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன. மேடு பள்ளம் அப்படியே தெரிகிறது. செல்போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓட்டின் வளைவு தட்டையாகத்தான் விழும். இரண்டு கண்ணால் பார்ப்பது வேறு.

6.5 மடங்கு என்பதைக் கேட்டு இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். 2 மீட்டரில் இருக்கும் ஆமை, வெறும் கண்ணுக்கு 31 செ.மீ. தூரத்தில் இருப்பது போல ஆகிவிடும். புத்தகம் படிக்கிற தூரம் அது. அதே 2 மீட்டரில் பைனாகுலருக்குள் தெரியும் வட்டம் சுமார் 26 செ.மீ. அகலம். ஓரளவு வளர்ந்த பாலாமை ஒன்று முழுசாக அதற்குள் அடங்கும். நான் இதை வாங்கியதற்கு இந்தக் கணக்கே போதும்.

பாலாமை என்று எங்கள் பக்கம் சொல்வது லிசெமிஸ் பங்டேட்டா என்ற இனத்தை. மற்ற ஆமைகளுக்கு இருப்பது போல அதன் முதுகில் கட்டம் கட்டமான கெட்டித் தகடுகள் கிடையாது. எலும்பின் மேல் தோல் போர்த்தியிருக்கும். நனைந்திருக்கும்போது அந்தத் தோல் வழவழவென்று மின்னும். வெயிலில் கொஞ்சம் உலர்ந்த பிறகு பார்த்தால் தோலுக்கு அடியில் இருக்கும் எலும்பின் பொடிப்பொடியான சொரசொரப்பு மேலே புடைத்துத் தெரிகிறது. வெறும் கண்ணுக்கு ஒரே பழுப்புப் பச்சை. பைனாகுலரில் அதே முதுகில் ஒரு பக்கம் பாசிக் கறை, ஒரு பக்கம் பழைய கீறல், பின்விளிம்பில் தோல் மெலிந்து மடிகிற இடம் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. வட இந்தியாவில் இருக்கும் இதன் துணையினத்துக்கு முதுகிலும் தலையிலும் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். நம் பக்கத்து ஆமைக்கு அது இல்லை. புத்தகப் படத்தில் புள்ளியைப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் குளத்தில் இருப்பது வேறு ஏதோ என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நேரில் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த ஆமையின் சிறப்பே அதன் மூடிகள்தான். அடியோட்டின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் தோல் மடல்கள் உண்டு. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் இந்த மடல்கள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். அடியோட்டின் முன்பகுதியும் மேல்நோக்கி மடங்கித் தலையையும் முன்னங்கால்களையும் மறைத்துவிடும். பாடப் படங்களில் இது சரியாகப் புரியாது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலையில் ஏரிக்கரை மண் பாதையைக் கடந்துகொண்டிருந்த பாலாமை ஒன்று என் காலடிச் சத்தத்துக்கு மூடிக்கொண்டது. பின்பக்கமாகச் சுற்றிப்போய் ஒன்றரை மீட்டர் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பைனாகுலரை ஏற்கெனவே அந்தத் தூரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தேன்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் வலது மடலின் ஓரம் நூல் அளவுக்கு விலகியது. உள்ளே ஈரமான இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. மடல் மெதுவாகக் கீழே தாழ்ந்தது. மடங்கியிருந்த பாதம் வெளியே வந்து மண்ணைத் தொட்டது. விரல்களுக்கு நடுவில் இருந்த சவ்வு விரிந்தது. நகம் மூன்று, மூன்றே மூன்று. மூன்றாவது விரலுக்கு அப்பால் சவ்வு இருக்கிறது, நகம் இல்லை. பாலாமை சேர்ந்த மென்னோட்டு ஆமைக் குடும்பம் முழுவதற்கும் இது பொது அடையாளம். நகங்களின் நுனி வெளிறியிருந்தது, அடியில் சேறு ஏறியிருந்தது. இடது மடல் திறந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு காலும் ஊன்றியதும் உடம்பு ஒரு விரற்கடை உயர்ந்தது, வால் தெரிந்தது. குட்டையான வால். ஆணுக்கு வால் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அதனால் இது பெண்ணாக இருக்க வேண்டும். அதன் அளவும் அப்படித்தான் சொன்னது, இந்த இனத்தில் பெண்தான் பெரிது.

இவ்வளவையும் கையில் தூக்கியிருந்தால் பார்த்திருக்க முடியாது. தூக்கிய ஆமை மூடிக்கொண்டுதான் இருக்கும், இல்லாவிட்டால் பயத்தில் காலை உதறும். தானாக, நிதானமாகத் திறப்பதைப் பார்க்கத் தள்ளி இருந்தே ஆக வேண்டும். அந்தத் தள்ளி இருக்கிற தூரத்துக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது இந்தக் கருவி.

அடுத்தது மூக்கு. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடுவார்கள். மீன்கள் கூடியதும் பாலாமைகளும் மெல்ல வந்து சேரும். மூன்றாவது நான்காவது படியில் உட்கார்ந்தால் தண்ணீர் ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தில் இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது முதலில் பைனாகுலரை வாங்கிய பெண், “டீச்சர், மூக்கு ஸ்ட்ரா மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது. முகத்தின் முனையில் சின்னக் குழாய், அதன் நுனியில் இரண்டு துளைகள். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, அந்த நுனி மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போய்விடும். பைனாகுலரில் அந்தத் துளைகளைச் சுற்றித் தண்ணீர் மேடாக ஏறி நிற்பதுகூடத் தெரிகிறது. வாயைச் சுற்றிச் சதைப்பற்றான உதடு. உதடு இருப்பதால் தாடையின் கூர்மையான விளிம்பு வெளியே தெரிவதில்லை. வாயைத் திறந்து பொரியைக் கவ்வுகிற கணத்தில் மட்டும் பார்க்கலாம். கண்கள் தலையின் மேற்பக்கமாக அமைந்திருக்கின்றன. சேற்றில் புதைந்து கிடக்கும்போதும் மேலே நடப்பது தெரிய அது வசதி.

குளத்துக் காவல்காரர் ஒரு பெரியவர். எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சரம்மா, கையிலயே புடிச்சுக் காட்டட்டுமா? அடியில பாலு மாதிரி வெள்ளையா இருக்கும்” என்றார். “வேண்டாங்கய்யா, புடிச்சா தப்பு, நம்ம மேலயே கேஸ் ஆயிடும்” என்றேன். பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ வீட்டில் வைத்திருந்தாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இறைச்சிக்காக இதைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இந்தச் சட்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் ஆமை காட்டுவதில்லை. பெரியவருக்குப் பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

அடிப்பக்கத்தை மட்டும் இந்தக் கருவியால் காட்ட முடியாது. பெரியவர் சொன்ன வெளிர் நிற அடியோட்டில், வளர்ந்த ஆமைக்கு ஏழு இடங்களில் காய்ப்புக் காய்த்தது போல் தடித்த சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். வயது, இனம் இவற்றைச் சொல்ல ஆய்வாளர்கள் அதைப் பார்ப்பார்கள். நமக்கு அது கிடைப்பது ஆமை படியேறும்போதோ, கரையில் சரியும்போதோ ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குப் போதுமான தெளிவு இதில் இருக்கிறது, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. அடியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஆமையைப் புரட்டிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கருப்பாமை வேறு மாதிரி உயிர், கருவியிடம் அது கேட்பதும் வேறு. மெலனோகெலிஸ் டிரைஜூகா என்பது அதன் அறிவியல் பெயர். கெட்டி ஓடு. முதுகில் நீளவாட்டில் மூன்று வரம்புகள் ஓடும், நடு முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வெயில் காய்வதற்காகக் கல்லின் மேலோ சாய்ந்த மரக்கிளையின் மேலோ ஏறியிருக்கும். நிழல் விழுந்தால் தண்ணீருக்குள் விழுந்துவிடும். அதனால் ஆறேழு மீட்டருக்குக் குறைந்து நெருங்க முடிவதில்லை. அந்தத் தூரத்தில் இந்தப் பைனாகுலர் அதை ஒரு மீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. பக்கவாட்டில் வெயில் விழுகிற நேரத்தில் மூன்று வரம்புகளும் அழகாக எழுந்து தெரியும். சில ஆமைகளில் வரம்பின் முகடு மட்டும் வெளிறிய மஞ்சளாக இருக்கும். வெறும் கண்ணில் அது சேறு காய்ந்தது போல இருக்கும், பார்த்தால் நிறமேதான்.

முதுகுத் தகடுகளை எண்ணவும் முடிகிறது. நடுவரிசையில் ஐந்து, அதற்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு, சுற்றிலும் விளிம்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் வளர்ச்சி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். இளம் ஆமையில் அவை கூர்மை. வயதானதில் தேய்ந்து முதுகே மழமழவென்று ஆகியிருக்கும். வளையத்தை எண்ணி வயது சொல்லலாம் என்று பிள்ளைகள் கிளம்புவார்கள். ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேல் வளையம் விழலாம், வயதானதில் தேய்ந்தே போகலாம். அதனால் நான் வயது சொல்ல விடுவதில்லை, “இளசா, கிழடா” என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் நான்கு. பாலாமையின் மூன்று நகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று உறைக்கும்.

மூன்றாவதாக ஓர் ஆமையையும் சொல்ல வேண்டும், மகிழ்ச்சியோடு அல்ல. செங்காது ஆமை. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்தது. குட்டியாக இருக்கும்போது பச்சைப்பசேல் என்று அழகாக இருப்பதால் தொட்டியில் வளர்க்க வாங்கிவிட்டு, பெரிதானதும் குளத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கும் உயிர் இது. நம் ஆமைகளுக்கு வேண்டிய இடத்தையும் இரையையும் அது எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, கழுத்தில் மஞ்சள் கோடுகள். பத்து மீட்டரில்கூடப் பைனாகுலரில் தப்பாது. வயதான ஆண்களில் சில கறுத்துப்போய்ச் சிவப்பு மங்கிவிடும். அப்போது முன்னங்கால் நகத்தைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது மிக நீளமாக இருக்கும், நம் கருப்பாமைக்கு அப்படி இருக்காது. முதுகில் மூன்று வரம்பும் இராது, ஓட்டின் பின்விளிம்பு லேசாகப் பல் பல்லாக இருக்கும். இந்த மூன்று அடையாளத்தையும் ஒருசேரப் பார்க்கிற அளவுக்குத் தெளிவு கிடைப்பதால்தான் கறுத்த ஆமையைப் பார்த்ததும் கருப்பாமை என்று எழுதிவிடாமல் இருக்க முடிகிறது.

இனி, வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை. முன்பக்க லென்ஸ் 21 மி.மீ.தான். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை சுமார் 3.2 மி.மீ. அகலம். 8×42 என்றால் 5.25 மி.மீ. கிடைக்கும். பகலில் இந்த வித்தியாசம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு நன்றாகவே தெரியும். கருப்பாமை இரை தேடக் கிளம்புவதே அந்தி நேரத்தில்தான் என்பதால் இது ஆமை பார்க்கிறவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகு இதை உறையில் போட்டுவிடலாம். அடுத்து, இது நீர்புகாத வகை அல்ல. தூறலுக்குப் பயந்து ஒரு பாலித்தீன் பையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது என் வழக்கம். பாலாமைகள் நடமாடுவதே மழைக்குப் பிறகு என்பதால் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் எதிர்க்கரையைப் பார்க்கவும் இது ஆகாது. முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் கல்லின் மேல் ஏதோ ஆமை இருக்கிறது என்பது தெரியும், எந்த ஆமை என்பது தெரியாது. அதற்கு 8×42தான்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சொல். கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இருக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி 15 மி.மீ. நானும் கண்ணாடி போடுகிறேன். கண் வைக்கும் பக்கத்து வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்த்தால் வட்டத்தின் ஓரம் கொஞ்சம் போகிறது, பார்க்க இடைஞ்சல் இல்லை. தடித்த சட்டம் போட்டவர்கள் கடையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எடை 290 கிராம். காலை முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் பிள்ளைகள் யாரும் முனகியதில்லை. அடியில் முக்காலி மாட்டும் திருகும் இருக்கிறது. வெயில் காயும் ஆமையின் மேல் நிறுத்தி வைத்துவிட்டால் ஒரு வகுப்பே வரிசையில் வந்து பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தத் திருகுதான்.

இதே வரிசையில் 8.5×21 என்று இன்னொன்றும் கிடைக்கிறது. பெரிதாகக் காட்டுகிறதே என்று பலர் அதைத்தான் கேட்பார்கள். ஆமைக்கு நான் 6.5ஐத்தான் சொல்வேன். 8.5இல் ஒளி இன்னும் குறைவு, பார்வை வட்டம் 7.5 டிகிரியிலிருந்து 6 டிகிரியாகக் குறுகிவிடும், கை நடுக்கமும் அதிகமாகத் தெரியும். தண்ணீருக்குள் போன ஆமை எந்தப் பக்கம் மூக்கை நீட்டும் என்று தேடும்போது அகலமான வட்டம்தான் உதவும்.

பயன்படுத்துகிற விதமும் முக்கியம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள், ஆனால் உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீரின் பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும். தண்ணீருக்குள் இருக்கும் கால்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய்விட வேண்டும். ஆமை வருவதற்கு முன்னாலேயே, அது வரப்போகிற படியின் மேல் ஃபோகஸை வைத்துவிடுங்கள். கிட்டத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு. மூக்கு தெளிவாக இருந்தால் பின்னங்கால் மங்கும். வந்த பிறகு சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அது போய்விடும். குழந்தைகளிடம் கொடுக்கும்போது கழுத்து வாரை முதலில் மாட்டிவிடுங்கள், தண்ணீரில் விழுந்தால் கருவி போய்விடும்.

ஆண்டில் எப்போது போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு: கோடையில் குளம் வற்றினால் பாலாமைகள் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும், அப்போது பைனாகுலருக்கு வேலை இல்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறந்த பிறகு, கடைமடை வரை தண்ணீர் வந்து வாய்க்கால்கள் ஓடத் தொடங்கியதும் மறுபடி நடமாட்டம் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையைக் கடக்கிறவற்றைப் பார்க்கலாம். தை, மாசியில் வெயில் காய்கிற கருப்பாமைகள் கிடைக்கும்.

விலை கடைக்குக் கடை மாறுவதால் நான் எழுதவில்லை. வாங்கும்போது பெட்டியின் மேல் “பாப்பிலியோ” என்ற பெயரும் 6.5×21 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அளவில் இதே மாதிரி இருக்கும் சாதாரணச் சிறிய பைனாகுலர்களால் 50 செ.மீ.யில் பார்க்க முடியாது. ஏற்கெனவே நல்ல 8×42 வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட்டு இதை வாங்க வேண்டாம், இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றுதான் வாங்க முடியும், பார்க்கப்போவது குளக்கரை ஆமையும் தவளையும் தும்பியும் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.